துளுக்காத கிடா

1

உதட்டோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்ததற்காக எனக்கு ஒரு வகுப்பே எடுத்தார்கள்.

நான் வேலை பார்ப்பது அயர்லாந்தின் தெற்கே, ஒரு சின்ன ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்தில். நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சேலத்தில் நர்ஸிங் படித்து, இங்கே வந்து சேர்ந்தவள். அன்று காலை மார்கரெட் என்ற மூதாட்டிக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். உதட்டோரம் கொஞ்சம் வழிந்தது, சட்டென்று துடைத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்குச் செய்வது மாதிரிதான். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். தனியறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, "துடைத்ததில் தவறே இல்லை. துடைக்கட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதுதான்" என்றார், மிகவும் மரியாதையாக.

நான் "ஓகேங்க" என்றேன். பல வருஷமாக எனக்கு இந்த வியாதி. இங்கிலீஷிலும் "ங்க" ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாமக்கல்காரியின் நாக்கை எந்தக் குடியுரிமையும் திருத்தாது. இப்போது எங்கள் இல்லத்தில் தரை துடைக்கும் போலந்துக்காரப் பெண்கூட "ஓகேங்க" என்கிறாள். குடியேறிய நாட்டுக்கு நான் செய்த சேவை இது ஒன்றுதான்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கேட்கிறேன். ஜன்னலைத் திறக்கட்டுமா? முகம் கழுவிவிடட்டுமா? இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா? ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. கேட்காமல் செய்வதுதானே நம் ஊரில் பாசம்? வந்த விருந்தாளியிடம் "சாப்பிடறீங்களா?" என்று கேட்டாலே, இவளுக்குப் போட மனசில்லை என்று அர்த்தமாகிவிடும். போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் சோறு வைக்கிற கூட்டம் நாம்.

ஒருநாள் மார்கரெட்டுக்குத் தேநீர் கலக்கும்போது, கற்ற பாடப்படி "சர்க்கரை போடட்டுமா?" என்று கேட்டேன்.

"சர்க்கரை போடட்டுமா என்று தினமும் கேட்கிறீர்கள். இந்த இடத்துக்கு வருகிறாயா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

2

என் மகன் கவினுக்குப் பதினைந்து வயது. தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் செய்வான். ஆனால் என் வாயைப் பார்த்தே கற்றுக்கொண்டதால் உலகத்தில் அவனுக்கு எல்லாரும் வாங்க, போங்கதான். பக்கத்து வயல் மாடுகள் "படுத்திருக்காங்க". எதிர்வீட்டு நாய் "குரைக்கிறாங்க". திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் செந்தில் இங்கே பால் டேங்கர் ஓட்டுகிறார். "நாய்க்குக் கொஞ்சம் மரியாதை கூடுனா என்ன கெட்டுப்போச்சு, உடு" என்பது அவருடைய தீர்ப்பு.

கவின் பள்ளியில் ஒரு விவாதப் போட்டி வந்தது. உணவுக்காக விலங்குகளைக் கொல்வதை மனிதத்தன்மையோடு செய்ய முடியுமா என்பது தலைப்பு. முடியும் என்று பேச வேண்டிய அணி அவனுக்கு. மற்ற பிள்ளைகள் மயக்கமூட்டும் கருவி, லாரியில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர், இடையில் ஓய்வு என்றெல்லாம் சேர்த்துவைத்திருந்தார்கள். இவன் புதிதாக ஏதாவது வேண்டுமென்று என் முந்தானையைப் பிடித்தான். நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் முனியப்பனுக்குக் கிடா வெட்டும் முன் அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத் துளுக்குதல் என்று பெயர். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, ஆடும் ஒப்புக்கொண்டாயிற்று. துளுக்காத வரைக்கும் அரிவாளைத் தூக்கக் கூடாது.

கவினுக்கு ஒரே குஷி. "ஆட்டைக் கேட்டுட்டுத்தான் வெட்டுவாங்களா!" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். மேடையில் அதைச் சொன்னதும் நல்ல கைதட்டலாம். ஆனால் எதிரணிப் பெண் ஒருத்தி எழுந்து, "மாட்டேன் என்று சொன்ன ஆடு உண்டா?" என்று கேட்டாள். இவனுக்குத் தெரியவில்லை. தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தான்.

"அம்மா, மாட்டேன்னு சொன்ன ஆடு யாராவது இருக்காங்களா?"

"நான் பார்த்ததில்லை."

"எல்லாரும் சரின்னே சொன்னாங்களா?"

"சிலது கொஞ்சம் லேட்டாச் சொல்லும்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"திரும்பத் திரும்பத் தண்ணி ஊத்துவோம்."

"அப்ப அது கேள்வியே இல்லம்மா" என்றான்.

பெற்ற பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாதபோது சொல்வதற்கென்றே தாய்மார்களிடம் ஒரு பதில் இருக்கிறது. "போய்க் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றேன்.

3

ஊரில் அப்பா தனியாக இருக்கிறார். அம்மா போன பிறகும் எருமைகளை விற்கவில்லை, மரவள்ளி போடுவதை நிறுத்தவில்லை, சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவதையும் விடவில்லை. போன மழைக்காலத்தில் எருமை கட்டும் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. பால்காரர் வந்து பார்த்துத் தூக்கும் வரை அங்கேயே கிடந்திருக்கிறார். சேதி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெங்களூரில் இருக்கும் என் தம்பி பிரபு, அப்பா கை நல்லபடியாகக் கூடினால் கிடா வெட்டுவதாக முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டான்.

கை கூடிவிட்டது. ஆனால் எங்கள் பயம் கூடவே தங்கிவிட்டது.

முதலில் அவரை அயர்லாந்துக்கே அழைத்து வந்துவிடலாமென்று பார்த்தேன். விண்ணப்பத்தைப் படித்தால், அப்பா என்னை நம்பித்தான் வாழ்கிறார் என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். வருஷா வருஷம் நெய்யும் மிளகாய்த்தூளும் கட்டி எனக்கு அனுப்புகிறவர் அவர். நான் அவரை நம்பி வாழ்கிறேன் என்பதற்கு வேண்டுமானால் சமையலறையில் டப்பா டப்பாவாக ஆதாரம் இருக்கிறது.

அது ஆகாது என்று தெரிந்ததும் பிரபு கோயம்புத்தூர் பக்கம் முதியோருக்கான ஒரு குடியிருப்பைக் கண்டுபிடித்தான். நல்ல இடம். வழுக்காத தரை, சுவரெல்லாம் கைப்பிடி, எந்நேரமும் நர்ஸ், நடப்பதற்குப் பூங்கா. அப்பாவிடம் பேசும் பொறுப்பு என்னுடையது. போனில் ஒவ்வொன்றாக விவரித்தேன்.

"கோயமுத்தூர்ல டாக்டர் பக்கத்துலயே இருப்பாருங்கப்பா."

"ம்ம்."

"உங்க வயசுக்காரங்க நெறையப் பேரு இருக்காங்களாம், பேச்சுத் துணைக்கு."

"ம்ம்."

"சோறெல்லாம் ரூமுக்கே வந்துருமுங்க."

"ம்ம்."

தம்பியைக் கூப்பிட்டேன். "அப்பா என்னக்கா சொன்னாரு?" என்றான். "ம்ம்னுதான் சொன்னாரு" என்றேன். "அப்பச் சரி" என்று முன்பணம் கட்டிவிட்டான். ஆடி மாதம் எல்லாரும் ஊருக்குப் போவது, கிடா வெட்டி வேண்டுதலை முடிப்பது, மறுநாள் அப்பாவைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விடுவது. ஒரே லீவில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்று கணக்கு.

4

எங்கள் முனியப்பன் கோயிலுக்குக் கோபுரமெல்லாம் கிடையாது. வேலமரத்தடியில் மீசையும் அரிவாளுமாகச் சுதைச் சிலை, பின்னால் வரிசையாகக் கோழிப் பண்ணைக் கொட்டகைகள். மணிச் சத்தத்தைவிடக் கோழிச் சத்தம் அதிகம். பங்காளிகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுச் சாமி காரியத்தில் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவளை ஓரமாக நிற்க யார் விடுகிறார்கள்? அங்கே குளிர் எப்படி, அரிசி கிடைக்குதா என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

கிடா நல்ல கறுப்பு. கழுத்தில் வேப்பிலையும் பூவும் சேர்த்துக் கட்டிய மாலை. பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். கிடா நின்றது. இன்னொரு சொம்பு. கழுத்து மாலையில் எட்டிய வேப்பிலையைக் கடித்துக்கொண்டு நின்றது.

"முனியப்பா, என்ன கொறை வெச்சோம்? சொல்லு சாமி" என்று பெண்கள் கும்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஆடு துளுக்காவிட்டால் முதலில் விசாரிக்கப்படுவது சொந்தக்காரர்கள்தான். யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டு வரப்பு யார் காட்டுக்குள் நகர்ந்தது என்று எல்லாம் வெளியே வரும். வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகளை இழுத்துவந்து ஒருவர் நெற்றியில் ஒருவர் திருநீறு பூசவைத்தார்கள். அவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார்கள். மறுபடி தண்ணீர். கிடா அசையவில்லை.

"ஆடு இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்களா?" என்று கவின் கேட்டான். ஆட்டுக்கு அவன் கொடுத்த மரியாதையைக் கேட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மழை மேகம் கூடி வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெங்காயம் வதக்கியாகிவிட்டது, கறி எப்போது வரும் என்று சமையல்காரர் ஆள் அனுப்பினார். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, பொறுமை போய்ச் சொம்பை வாங்கினார். கிடாவின் தலைப்பக்கம் குனிந்தார். தண்ணீர் சன்னமாக ஒழுகி நேராக அதன் காதுக்குள் போனது. கிடா உதறிய உதறலில் பிரபுவின் வெள்ளைச் சட்டை மஞ்சளாயிற்று.

"உத்தரவாயிருச்சு!" என்று கத்தினார் சித்தப்பா. குலவைச் சத்தம் எழுந்தது.

"சின்ன அப்புச்சி காதுக்குள்ள ஊத்துனாங்க!"

என் மகன்தான். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம், அவருடைய தம்பி சின்ன அப்புச்சி. "நான் பாத்தேன். காதுல தண்ணி போனா யாரா இருந்தாலும் ஆட்டுவாங்கல்ல?"

குலவை நின்றது. கோழிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. காதில் ஊற்றும் வித்தை அங்கே தெரியாதவர் யாருமில்லை. தெரிந்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு மானம் போயிற்று. கவினின் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"பையன் வெளிநாட்டுல வளந்தவன், அவனுக்கென்ன தெரியும். நீங்க வெட்டுங்க" என்றார் சித்தப்பா.

அதுவரை ஒதுங்கி நின்ற அப்பா முன்னால் வந்தார். கிடாவுக்கு எதிரே குந்தினார். அதன் இரண்டு காதையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ஒடிந்து கூடிய மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

"இப்ப ஊத்துங்க" என்றார்.

பூசாரி ஊற்றினார். கிடா நின்றது. மறுபடி ஊற்றினார். அப்பாவின் முழங்கால் வேட்டியை முகர்ந்துகொண்டு அது சும்மா நின்றது.

"அது சொல்லலீங்க. அவுத்து உடுங்க" என்றார் அப்பா.

"ஏனுங்கண்ணா, அப்ப வேண்டுதல் என்னாவறது?" என்றார் சித்தப்பா.

"என்ற கைக்குத்தானே வேண்டுனீங்க? கை நல்லாத்தான் இருக்குது. சாமியே வேண்டாங்குது, உனக்கென்னடா அவசரம்?"

அவிழ்த்துவிட்ட கிடா நேராகக் கோயிலை ஒட்டிய எங்கள் மரவள்ளிக் காட்டுக்குள் பாய்ந்தது. மரவள்ளி இலை தின்றால் ஆடு வயிறு உப்பிச் செத்துப்போகும். சாமி விட்டாலும் மரவள்ளி விடாது. திருநீறு பூசிக்கொண்ட இரண்டு பங்காளிகளும் ஆளுக்கொரு பக்கம் வளைத்து அதை விரட்டிப் பிடித்தார்கள். அன்றைக்கு அவர்கள் உண்மையிலேயே சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

5

வந்த சனத்துக்குச் சோறு போட வேண்டுமே. மசாலா கொதித்துக்கொண்டிருக்கிறது. நாமக்கல்லில் கோழிக்கா பஞ்சம்? பிரபு பைக்கை எடுத்துக்கொண்டு போய் பிராய்லர் கறியை மூட்டையாக வாங்கி வந்தான்.

கவின் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவங்களை யாரு கேட்டாங்க?" என்றான்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டா இன்னைக்குச் சோறு ஆவாது சாமி" என்றார் அப்பா. ஆனால் அவர் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார். கவின் தயிரோடு நிறுத்தினான். நான் நன்றாகவே சாப்பிட்டேன், பொய் எதற்கு?

சனம் கலைந்து, வெயில் சாய்ந்த நேரத்தில் நாங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அப்பாவின் வேட்டி துண்டுகளை மத்தியானமே மடித்து ஒரு பையில் வைத்துவிட்டிருந்தேன். அந்தப் பை கட்டிலடியில் இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். பிரபு போனைத் திறந்து கோயம்புத்தூர்க் குடியிருப்பின் படங்களைக் காட்டினான்.

"காலைல வண்டி வந்துருமுங்கப்பா. எடத்தைப் பாத்துட்டு, புடிச்சிருந்தா அப்படியே இருந்துக்கலாம். எருமைகளைப் பாத்துக்கவும் ஆள் சொல்லிட்டேன்."

"யாரு சரின்னது?"

"அக்கா போன்ல சொன்னப்ப நீங்க ம்ம்னு சொன்னீங்களே?"

"கதை சொன்னா உம் கொட்டமாட்டாங்களா? உம் கொட்டுனவனைப் புடிச்சுக் கதைக்குள்ள கொண்டுபோய் உட்ருவீங்களாடா?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் பேச வேண்டிய இடம்.

"அப்பா, மறுக்கா உழுந்தா யாரு இருக்கறாங்க? போன தடவை பால்காரர் வார வரைக்கும் சேத்துலயே கெடந்தீங்க. எனக்கு அங்க தூக்கமே வரமாட்டீங்குது."

"நெசந்தான் சாமி. உழுந்தாலும் உழுவேன். அங்க போனா உழாம இருப்பனா? அங்க ஆறு மணிக்கே ராச்சோறு போட்டுருவாங்களாமா. ஆறு மணிக்குத்தான் நான் டீக்கடைக்கே போறேன்."

"நல்ல நர்ஸுங்க இருப்பாங்கப்பா. எதுன்னாலும் உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான்..."

மார்கரெட்டின் தேநீர் ஞாபகம் வந்து, வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

அப்பா எழுந்தார். வாசல் தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து என் கையில் கொடுத்தார். முற்றத்து நடுவில் போய் நின்று, மேல்துண்டை எடுத்துக் கயிற்றில் போட்டார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் தன் இரண்டு காதையும் இறுக்கப் பொத்திக்கொண்டார்.

"ஊத்து சாமி."

பிரபு சிரித்தான். கவின் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து பிரபுவும் நிறுத்திக்கொண்டான்.

"ஊத்தட்டுங்களாப்பா?" என்று கேட்டேன். வேலைப் பழக்கம். காதைப் பொத்திக்கொண்டிருக்கிறவருக்கு எப்படிக் கேட்கும்? கண்ணையும் மூடிக்கொண்டு நின்றார். ஊற்றினேன்.

தண்ணீர் நரைத்த தலையில் விழுந்து, நெற்றியிலும் மூக்கிலும் வழிந்து, மார்பில் இறங்கியது. ஆடிக் காற்று வேறு சிலுசிலுவென்று அடித்தது. தோளெல்லாம் புல்லரித்துப்போனது எனக்கே தெரிந்தது. அவர் தலையை ஆட்டவில்லை. உடம்பை உதறவில்லை. கீழ்த்தாடையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது, அதைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. சொம்பு காலியான பிறகும் அப்படியே நின்றார்.

"எருமைக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்று முனகினான் பிரபு. "கட்டுன முன்பணம்தான் திரும்ப வராது."

அப்பா கையை எடுத்தார். "அது போனாப் போச்சாது போ. உனக்கு மனசுக்கு ஆவுலீன்னா கட்டுத்தரையில புடிச்சுக்க ஒரு கம்பி வெச்சுக் குடு. வேண்டாங்கலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "குளுருது சாமி. அந்தத் துண்டை எடு."

கயிற்றிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைக்கு நேரே நீட்டிய கையை, பாதியில் நிறுத்தினேன்.

"நான் தொவட்டி உடட்டுங்களாப்பா?"

இந்தத் தடவை காது திறந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கு எட்டும்படியாகத் தலையைக் குனிந்துகொடுத்தார்.